மொட்டை மாடி மருதாணி: தொட்டியில் வைப்பதிலிருந்து காலில் பூசுவது வரை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். அதில் நடந்து ரயிலைப் பிடித்து, ஈரச் செருப்போடு நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போய் அரிப்பெடுக்க ஆரம்பித்திருக்கும். சேற்றுப்புண். சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் பாட்டி வில்லிவாக்கம் வீட்டின் கொல்லையில் மருதாணி வைத்திருந்தது முதலில் இதற்காகத்தான், கைச் சிவப்பு எல்லாம் அப்புறம்தான். மழைக்காலம் தொடங்கினால் வாரம் ஒருமுறை வீட்டில் எல்லார் காலுக்கும், ஆண்பிள்ளைகள் உட்பட, பாதத்தைச் சுற்றி மருதாணி.

இப்போது நான் இருப்பது மூன்றாவது மாடி, கொல்லை கிடையாது. ஆனாலும் மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் செடி இருக்கிறது, ஏழு வருடமாக. அதை வைத்து நான் என்ன செய்கிறேன், எப்படிச் செய்கிறேன், எதற்கு அதை நம்பக்கூடாது என்று எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு தொட்டி வைக்க இடம் இருக்கும்.

செடி வைப்பது

மருதாணி, மருதோன்றி, அழவணம் எல்லாம் ஒரே செடிதான். 1753இல் லின்னேயஸ் இதற்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயர் வைத்தார். இனெர்மிஸ் என்றால் முள் இல்லாதது என்று பொருள், ஆனால் வயதான கிளைகளில் நுனி கூராகி முள்ளாகவே குத்தும், அதனால்தான் ஊர்ப்பக்கம் இதை வேலியாக வைக்கிறார்கள். இலை பறிக்கும்போது கவனம்.

விதை போட்டு வளர்க்க வேண்டாம், மெதுவாக வரும். செடி இருக்கிற வீட்டில் ஒரு குச்சி கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பென்சில் கனத்தில், பச்சையாகவும் இல்லாமல் கட்டையாகவும் ஆகாத குச்சியாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பாதிக் குச்சி மண்ணுக்குள் போகும்படி நடவேண்டும். நான்கைந்து குச்சி சேர்த்து வையுங்கள், எல்லாம் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகைதான் இதற்கு நல்ல சமயம், காற்றில் ஈரம் இருப்பதால் குச்சி காய்ந்துபோகாது. இரண்டு வாரத்தில் துளிர் தெரிந்ததும் வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள், குச்சியில் இருக்கிற சத்திலேயே துளிர் வந்துவிடும், வேர் வர இன்னும் சில வாரம் ஆகும்.

பிடித்த செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். நான் 20 லிட்டர் பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழு உரம் ஒன்று. அவ்வளவுதான். நல்ல வெயில் வேண்டும், அது நம் மாடியில் குறைவில்லை. மே மாத வெயிலில் மற்ற செடியெல்லாம் தொங்கிப்போகும்போது இது நிமிர்ந்து நிற்கும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் தாங்கும். ஆனால் அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதனால் மழை நாளில் தட்டை எடுத்துவிடுங்கள்.

வெயிலுக்கும் சிவப்புக்கும் தொடர்பு உண்டு. நம் நாட்டில் மருதாணிக்குப் பேர்போன இடம் ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தின் சோஜத், 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வறண்ட வெப்பம். அதே மாதிரி தொட்டிச் செடிக்கும் இலை பறிப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நான் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். கொழுந்திலும் இளம் இலையிலும்தான் சாயம் அதிகம், முற்றி மஞ்சளாகிப்போன இலையை அரைத்துப் பிரயோஜனமில்லை.

அரைப்பது

இலைக்குள் இருக்கிற சாயத்துக்கு லாசோன் என்று பெயர், காய்ந்த இலையின் எடையில் சுமார் ஒரு சதவீதம் இருக்கும். இலையில் அது சர்க்கரையோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. நசுக்கி அரைத்து, கொஞ்சம் புளிப்பும் சேர்த்து ஊறவைக்கும்போதுதான் பிரிந்து வெளியே வருகிறது. வந்ததும் நம் தோல், நகம், முடி மூன்றிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மேல்தோல் தடிமன், அதனால் அங்கே செக்கச்செவேல் என்று ஏறுகிறது. புறங்கையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த நிறம் வராது, வைத்தவர் கைராசி என்று குறை சொல்ல வேண்டாம்.

கைக்கு வைக்க இரண்டு கைப்பிடி இலை, இரண்டு துண்டு கொட்டைப்பாக்கு, கொட்டைப்பாக்கு அளவே புளி, பாதி எலுமிச்சம்பழம். பாக்கை முதலில் இடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். இலையைக் கழுவினால் ஈரம் வடிய விட்டுத்தான் அரைக்கவேண்டும். தண்ணீருக்குப் பதில் கெட்டியான டீ டிகாக்‌ஷனை ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாக விட்டு, சட்னி மாதிரி இல்லாமல் துவையல் மாதிரி கெட்டியாக அரையுங்கள். "தண்ணி விட்டு அரைச்சா கையில ஒழுகும்" என்று பாட்டி திட்டுவார். அம்மி இருந்தால் அம்மிதான், மிக்ஸியில் அது அவ்வளவு மசியாது. அரைத்ததை அரைமணி மூடி வைத்துவிட்டு விரலுக்குத் தொப்பி, உள்ளங்கையில் வட்டம், சுற்றிப் பொட்டு. ராத்திரி முழுக்க இருந்தால் நல்லது, குறைந்தது நான்கு மணி நேரம். காய்ந்ததும் உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், அன்று முழுக்க சோப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஆரஞ்சாகத்தான் இருக்கும். அது காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் முழுச் சிவப்பாகும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், மருந்துக்கு அரைப்பது இதிலிருந்து ஓரிடத்தில் மாறுகிறது. புண்ணுக்கோ வெடிப்புக்கோ வைக்கும்போது புளியும் எலுமிச்சையும் கூடவே கூடாது. எரிந்து உயிர் போகும். வெறும் இலை, கொஞ்சம் மஞ்சள், காய்ச்சி ஆறிய தண்ணீர், அவ்வளவே.

காலுக்கு

சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. ஈரமும் இருட்டும் இருந்தால் அது செழிக்கும். லாசோன் பூஞ்சையைக் கட்டுப்படுத்துவதை ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் அப்படியே நம் காலில் நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நான் பார்த்த வரையில் ஆரம்ப நிலையில், வெறும் அரிப்பும் வெளுப்பும் இருக்கும்போது, நன்றாகக் கேட்கிறது.

செய்யும் முறை இப்படி. வந்ததும் காலை சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாகத் துடைத்து, ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிடம் நீட்டி உட்காருங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் பாதி மருந்து, யாரும் இதைச் செய்வதில்லை. அப்புறம் ஒரு கைப்பிடி இலையோடு கால் ஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்து மைய அரைத்து விரலிடுக்கில் மெல்லிசாகப் பூசுங்கள். அப்பி அடைக்கக்கூடாது, உள்ளே ஈரம் நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் காய்ந்ததும் கழுவித் துடைத்துவிட்டுப் படுக்கலாம். மூன்று, நான்கு ராத்திரி தொடர்ந்து செய்யுங்கள். செருப்பையும் காயவைக்க வேண்டும், ஷூ போடுகிறவர்கள் மழைக்காலத்துக்கு மட்டுமாவது இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் பூஞ்சை இன்னும் பரவும். அதற்கு மருதாணியே மேல்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். மருதாணி தோலைச் சிவப்பாக்கிவிடும். புண் சீழ் பிடித்துச் சுற்றிலும் சிவந்து வீங்குவதுதான் நமக்கு முதல் எச்சரிக்கை, அந்தச் சிவப்பு மருதாணிக்கடியில் மறைந்துபோகும். அதனால் சர்க்கரை நோய் இருப்பவர்கள் காலில் சின்னக் காயம் இருந்தாலும் மருதாணி வைக்கவே கூடாது. என் மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, கால் எரிகிறது என்று வருவார், அவருக்குப் புண்ணில்லாத பாதத்தில் மட்டும், அதுவும் நான் டார்ச் அடித்து அடிப்பாதம் முழுக்கப் பார்த்த பிறகுதான் வைத்துவிடுவேன். வெள்ளத் தண்ணீரில் நடந்த சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள்.

உள்ளங்கால் எரிச்சலுக்குப் பழைய வைத்தியம் மருதாணிதான். பாதத்தில் பூசி ஒரு மணி நேரம் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும், ராத்திரி தூக்கம் வரும். ஆனால் எரிச்சல் தினமும் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரையும் பி12 சத்தும் பார்த்துவிடுங்கள். மருதாணி எரிச்சலை அடக்கும், காரணத்தைத் தீர்க்காது.

பித்தவெடிப்புக்கு ஒரு மாற்றம் வேண்டும். மருதாணி தோலை வறட்டும், வெடிப்பே வறட்சியால் வருவது. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஊறவைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, மருதாணியை அரைமணி மட்டும் வைத்துக் கழுவி, உடனே விளக்கெண்ணெய் பூசி பழைய சாக்ஸ் போட்டுப் படுங்கள். விளக்கெண்ணெய் இல்லாமல் மருதாணி மட்டும் வைத்தால் வெடிப்பு ஆழமாகும். ரத்தம் வருகிற வெடிப்புக்கு வேண்டாம்.

நகத்துக்கு

நகச்சுத்தி ஆரம்பத்தில், நக ஓரம் லேசாக வலிக்கும்போதே, இலையோடு மஞ்சள் வைத்து அரைத்துத் தொப்பி போடுவார்கள். பாத்திரம் கழுவிக் கழுவிக் கை ஊறுகிற பெண்களுக்குத்தான் இது அடிக்கடி வரும். விரல் துடிக்கிற மாதிரி வலித்தால், சீழ் மஞ்சளாகத் தெரிந்தால், டாக்டர் கீறி எடுக்கவேண்டும், மேலே எதையும் அப்பாதீர்கள். நகத்தில் ஏறிய சிவப்பு கழுவிப் போகாது, நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். கை நகம் முழுக்க மாற நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் அதற்குள் விரல் நுனியில் வைக்காதீர்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள் நகத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பையும் அங்கேதான் மாட்டுவார்கள்.

தலைக்கு

எண்ணெய் காய்ச்சுவது சுலபம். மூன்று கைப்பிடி இலையைத் தண்ணீர் விடாமல் அரைத்து, சின்னச் சின்ன வடையாகத் தட்டி நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரம் துளி இருந்தாலும் எண்ணெய் கெட்டுவிடும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெயைச் சிறு தீயில் சூடாக்கி வடைகளைப் போட்டு, சலசலப்பு அடங்கியதும் இறக்கி, ஒருநாள் அப்படியே வைத்து மறுநாள் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சூடு உடம்புக்காரர்களுக்கு நல்லது. சைனஸ், சளி உள்ளவர்கள் மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

நரைக்கு என்றால், மருதாணி நரைமுடியைக் கறுப்பாக்காது, செம்பட்டையாகத்தான் ஆக்கும். கறுப்பு வேண்டுமென்றால் அவுரி என்ற நீலச்சாயச் செடியின் பொடி வேண்டும். முதலில் மருதாணிப் பொடியை டீ டிகாக்‌ஷனில் குழைத்து ராத்திரி ஊறவைத்து, இரண்டு மணி நேரம் தலையில் வைத்துச் சோப்பில்லாமல் அலசிவிட்டு, அப்புறம் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் பூச ஆரம்பித்துவிட வேண்டும், அது வைத்தால் வீணாகிவிடும். ஒரு மணி நேரம் போதும். பொடி இரண்டும் பார்க் டவுன் ராசப்பா செட்டி தெருவிலோ மயிலாப்பூர் கச்சேரி சாலையிலோ நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருக்கிற மருதாணிப் பொடியை வாங்காதீர்கள், காய்ந்த இலை அப்படிப் பளிச்சென்று இருக்காது, நிறம் கலந்திருப்பார்கள்.

பூவைப் பற்றி ஒரு வரி. வெளிர்நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், சாயங்காலம் மாடியெல்லாம் வாசனை. ஒரு கொத்தைத் துணியில் கட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் தூக்கம் வரும் என்பார்கள். எனக்கு வருகிறது.

கறுப்புக் கோன்

சில வருடம் முன்பு சித்தப்பா மகளின் வளைகாப்புக்கு ஒரு பெண்ணை வரவழைத்தோம். "அரைமணியில கருகருன்னு வந்துடும்க்கா" என்று கோன் போட்டுவிட்டார். அரைமணியில் வந்தது உண்மை. இரண்டாம் நாள் அந்த டிசைன் அப்படியே கொப்புளமாக எழும்பி நின்றது, கொடி கொடியாக. ஏழாவது மாதக் கர்ப்பிணி அழுதுகொண்டே தோல் மருத்துவரிடம் போனாள். தழும்பு போக மாதக்கணக்கானது.

மருதாணிக்குக் கறுப்பு நிறமே கிடையாது. கறுப்பு வருவது பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடுகிற பாரா-பினைலீன்டையமின் என்ற ரசாயனத்தால். அதைத் தோலில் நேரே பூசக்கூடாது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கும், பல வருடம் கழித்துத் தலைச்சாயம் பூசும்போது முகமே வீங்கும். அதனால் கல்யாண வீட்டுக்கோ பாண்டி பஜார் நடைபாதையிலோ கோன் போட்டுக்கொள்கிறவர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எவ்வளவு நேரத்தில், என்ன நிறம்? ஒரு மணிக்குள் கறுப்பு என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் மாதிரி நெடி அடித்தாலும் வேண்டாம். கோன்தான் வேண்டுமென்றால் நல்ல பொடியை வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சில சொட்டு நீலகிரித் தைலம் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து நீங்களே சுருட்டிக்கொள்ளலாம்.

யாருக்கு வேண்டாம்

பிறந்த குழந்தைக்கு வைக்கவே கூடாது. அழகுக்கு என்று உள்ளங்கையில் ஒரு பொட்டுகூட வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். அவர்களுக்கு லாசோன் தோல் வழியாக உள்ளே போனாலே சிவப்பணுக்கள் உடையும், குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறைபாடு உண்டென்றால் பெரியவர்களும் தவிர்க்க வேண்டும்.

உள்ளுக்குச் சாப்பிடுவது பற்றி நான் கண்டிப்பாக இருக்கிறேன். மஞ்சள் காமாலைக்கு மருதாணிச் சாறு குடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பணு உடைந்தாலே காமாலை அதிகமாகும், அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று தெரியாமல் குடிப்பது என்ன வைத்தியம்? கர்ப்பிணிகள் இதை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது, சில இடங்களில் கருவைக் கலைக்கவே இதைக் கொடுத்திருக்கிறார்கள். உள்மருந்தாக வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை இருக்கிறது, படித்த சித்த மருத்துவர்கள் நாடி பார்த்து, சோதனையும் பார்த்துச் சொல்வார்கள்.

முதல்முறை வைக்கிறவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் மேலே போகலாம்.

வெட்டிவிடுவது

தை பிறந்து மழை நின்றதும் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். தயங்க வேண்டாம், ஆடிக்குள் புதராக வந்துவிடும், ஆடியில்தான் எல்லார் வீட்டிலிருந்தும் இலை கேட்டு வருவார்கள். வெட்டிய கிளைகளிலிருந்து இலையை உருவி நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் சாயம் போய்விடும். நொறுங்குகிற பதம் வந்ததும் பொடித்துச் சலித்து வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு, மூடியில் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குமேல் போனதை நான் கைக்கு வைப்பதில்லை, சிவப்பு ஏறாது.

மீந்த குச்சிகளில் நல்லதாக நான்கைந்தை நடவு மண்ணில் சொருகி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு அம்மா ஒன்று கேட்டிருக்கிறார்.